கடைசிப் பச்சை ரசீது

நானூற்றுப் பன்னிரண்டாம் பச்சை ரசீதை
வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டு
மடிக்கணினியை மூடினாள் ஒட்டீலியா.
வெளியே மழை. போர்ச்சுகலின் வடக்கே, பிராகாவில்,
மழை ஒரு செய்தியே இல்லை.

பச்சை என்பது பழைய பேர்.
தாள் ஒழிந்து வெகுகாலம் ஆகிறது.
தனியாய் உழைப்பவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு
அங்கே இன்னும் அதுதான் பேர்.
அந்தச் சீட்டை நம்பிப் பதினோரு வருஷம்:
அனுப்பிய நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் நடுவே
கடன் அட்டையோடு குடித்தனம்.
காய்ச்சல் வந்தால் அது விடுப்பு இல்லை, நஷ்டம்.
கடலுக்குப் போனால்
கடலும் மணிக்கு அறுபது யூரோ.

திங்கட்கிழமை
கழுத்தில் ஒரு நாடா, நாடாவில் அவள் முகம்.
மனிதவளத்துத் தெயோலிந்தா படிவத்தை நீட்டினாள்:
இருபத்திரண்டு நாள் விடுமுறை,
வருஷத்துக்குப் பதினான்கு சம்பளம்.
ஒட்டீலியா திரும்பத் திரும்பப் படிப்பதைப் பார்த்து
"எல்லாம் சட்டம்தானே" என்றாள்.
சட்டம்தான்.
இத்தனை நாளும் அது
பக்கத்து வீட்டுக்கு வந்துபோன விருந்தாளி.

முதல் கூட்டம் பத்து மணிக்கு.
பத்தேகால் வரை யாருடைய பூனைக்கோ அறுவைச் சிகிச்சை.
மேசைக்கடியில் அவள் கட்டைவிரல்
கைபேசியின் நேரக்கணக்கைத் தானாக அழுத்தியிருந்தது.
மழை விட்டும் தூவானம் விடவில்லை.
பூனை: பதினைந்து யூரோ.
யாருக்கு அனுப்புவது?

புது இடமும் இல்லை இது.
மூன்று வருஷத்துக்கு முன் ஆலோசகராய் வந்து
இதே கம்பெனியின் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்து,
முகம் சுளித்து,
நாற்பது பக்க அறிக்கை எழுதி,
காசை வாங்கிக்கொண்டு போனவள்தான்.
ஊருக்கு உபதேசம், நல்ல தொழில்.
"நீங்கள் இதைக் கவனிக்கவே இல்லை" என்றால்
அன்று எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.
இன்றும் அதே வாக்கியத்தைச் சொன்னாள்.
செஃபரீனு நாற்காலியைத் திருப்பி
"நீங்களா?" என்றான். அவ்வளவுதான்.

திருத்திச் சொன்னாள்.
போர்ச்சுகீசில் அதற்கு ஒரே சொல், பிரச்சினை தீர்ந்தது.
தமிழில் எழுதும் எனக்குத்தான் சிக்கல்:
கேட்பவனை வாசலில் நிறுத்தும் நாங்களா,
உள்ளே கூப்பிடும் நாமா?
அவளுக்கே தெரிந்திருக்காது.
ரெண்டையும் எழுதி, ரெண்டையும் அடித்தேன்.

மூன்றாம் வாரம், இரவு ரெண்டே முக்கால்.
நூற்றுச் சொச்சம் கிடங்குகளில் சரக்குக் கணக்கு நின்றுவிட்டது.
போனில் செஃபரீனு, பின்னால் அவன் குழந்தையின் அழுகை.
நோண்டிக்கொண்டே போனால் அடியில் ஒரு ஒட்டு,
ரயிலுக்கு நேரமான அவசரத்தில் எவரோ போட்டது.
"எந்தப் புண்ணியவான் வேலை இது?"
அவளுக்கு அந்த ரயில் ஞாபகம் வந்தது.
"என் வேலை" என்றாள்.

தான் செய்தது எப்படிக் கிழடாகும் என்று
பதினோரு வருஷத்தில் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.
அதற்குள் ஊர் மாறியிருக்கும், ரசீது எண் மாறியிருக்கும்.

அவன் சிரித்தான். ரொம்ப நேரம்.
"தூங்குங்கள். காலையில் பிரித்துப் போடலாம் நாம்."
இந்த இடத்தில்
எனக்குச் சந்தேகம் வரவில்லை.

இதெல்லாம் சரி.
வியாழக்கிழமை மூன்று மணிக்கு வெயில் வந்தது.
பழைய நாளென்றால் மூடிவிட்டுக் கிளம்பி
குன்றுக் கோயிலின் ஐந்நூறு சொச்சம் படியில்
பாதியாவது ஏறியிருப்பாள்.
நாடாவைத் திருகிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.
ஒரு மணி நேரம் வெளியே போக
யாரைக் கேட்க வேண்டும் என்று
தெயோலிந்தாவுக்கு எழுதினாள்.

பதில் வருவதற்குள்
மழை.